கைகளின் மாண்பை உலகறியச் செய்த கமலாதேவி



மே மாதம் முதல் நாள், தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளை நம் ஆலயங்களில் சிறப்பிக்கிறோம். 1955ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்படுத்திய திருநாள் அது. நாசரேத்தூரின் தச்சுப் பட்டறையில் வளர்ந்த மகனை மீட்பராக ஏற்றுக்கொண்டவர்கள் நாம். ஆனால் தச்சரையும் நெசவாளரையும் குயவரையும் நாம் எப்படிப் பார்க்கிறோம், நம் வீட்டுப் பிள்ளை அந்தத் தொழிலுக்குப் போவதாகச் சொன்னால் என்ன பதில் சொல்கிறோம் என்பதெல்லாம் வேறு கதை. அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, கைத்தொழில் செய்வோருக்காகத் தம் வாழ்வின் பிற்பாதியை முழுவதுமாகக் கொடுத்த ஒரு பெண்மணியை இங்கே நினைவுகூர விரும்புகிறோம். அவர் கமலாதேவி சட்டோபாத்யாய். அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆயினும் அவர் செய்த பணி நம் சிந்தனைக்கு உரியது.

திருவண்ணாமலையில் வாழும் நமக்கு இது தூரத்துச் செய்தி அன்று. நம் மாவட்டத்து ஆரணியில் பட்டுத் தறிகள் உள்ளன. வந்தவாசிப் பக்கம் கோரைப்பாய் நெய்கிறார்கள். கார்த்திகைத் தீபம் நெருங்கினால் குயவர் வீட்டு வாசல்களில் அகல் விளக்குகள் வரிசையாகக் காய்கின்றன. மலை சுற்றும் பாதையிலும் ஆசிரமத்தை ஒட்டிய தெருக்களிலும் பல நாட்டு மக்களை நாள்தோறும் பார்க்கிறோம். அவர்கள் ஊர் திரும்பும்போது எதையாவது வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். அப்படி வாங்கும் பொருளைச் செய்தவர் யார் என்பது வாங்குபவருக்கும் தெரிவதில்லை, பல நேரம் விற்பவருக்கும் தெரிவதில்லை. செய்பவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் அறியாத இந்த நிலையை மாற்ற முயன்றவர்தான் கமலாதேவி.

அவர் 1903ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் மங்களூரில் பிறந்தார். அன்று மங்களூர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. தந்தை அரசின் உயர் அதிகாரி. ஆனால் கமலாதேவிக்கு ஏழு வயதாக இருந்தபோது உயில் எதுவும் எழுதாமல் அவர் இறந்துவிட்டார். அக்காலச் சட்டப்படி சொத்து முழுவதும் தந்தையின் முதல் மனைவியின் மகனுக்குப் போயிற்று. தாய் கிரிஜாபாயும் மகளும் வெறுங்கையோடு நின்றார்கள். 14 வயதில் திருமணம், அடுத்த இரண்டே ஆண்டுகளில் கைம்மை. அந்நாளில் அந்தச் சமூகத்தில் ஒரு பெண்ணின் கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அவர் படிப்பைத் தொடர்ந்து சென்னை இராணி மேரிக் கல்லூரிக்கு வந்தார். அங்கே கிடைத்த நட்பின் வழியாகச் சரோஜினி நாயுடுவின் தம்பியும் கவிஞருமான அரீந்திரநாத் சட்டோபாத்யாயை மணந்தார். கைம்பெண் மறுமணம் செய்ததற்காக எழுந்த ஏச்சுகளைப் பொறுத்துக்கொண்டார். ஒரு மகன் பிறந்தான். அந்த மணவாழ்வும் பின்னாளில் முறிந்துபோனது. ஆக, பாதுகாப்பான ஒரு வீட்டுக்குள்ளிருந்து ஏழைகளைப் பார்த்து இரங்கிய பெண்மணி அல்லர் அவர்.

இலண்டனில் சமூகவியல் படித்துக்கொண்டிருந்தபோது காந்தியடிகளின் இயக்கம் அவரை இழுத்தது. நாடு திரும்பினார். 1926ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத் தேர்தலில் நின்றார். இந்தியாவில் சட்டமன்றத் தேர்தலில் போட்டியிட்ட முதல் பெண் அவர் என்பர். மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில்தான் தோற்றார். அவரைத் தேர்தலில் நிற்கத் தூண்டியவர் மார்கரெட் கசின்ஸ் என்ற அயர்லாந்துப் பெண்மணி. அயல்நாட்டாரோடு கொண்ட நட்பு தம் நாட்டுப் பணிக்குப் பலமாகும் என்பதைக் கமலாதேவி இளமையிலேயே கண்டுகொண்டார்.

1929ஆம் ஆண்டு பெர்லின் நகரில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி நம் பொருளுக்கு மிகவும் பொருத்தமானது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கொடி பறந்தது. இந்தியாவுக்கோ ஆங்கிலேயக் கொடிதான். சரோஜினி நாயுடுவோடு சென்றிருந்த இந்தியப் பெண்கள் தங்கள் சேலைகளிலிருந்தே துணியைக் கிழித்து ஒரு மூவண்ணக் கொடியைத் தைத்துவிட்டார்கள். ஒரு நாட்டின் தன்மானத்தை அயலார் நடுவில் எடுத்துச் சொல்ல அன்று அவர்களிடம் இருந்தது கைத்துணியும் ஊசி நூலும்தான்.

உப்புச் சத்தியாகிரகத்தின்போது தண்டி யாத்திரையில் பெண்களைச் சேர்க்கக் காந்தியடிகள் தயங்கினார். கமலாதேவி நேரில் சென்று வாதாடிப் பெண்களுக்கும் போராட்டத்தில் இடம் பெற்றுத் தந்தார். பம்பாயில் உப்பெடுத்து, பொட்டலம் கட்டி, பங்குச் சந்தைக்குள் நுழைந்து விற்றார். நீதிமன்றத்துக்கே போய் நீதிபதியையும் வாங்கச் சொன்னார். சிறை சென்றார். பிறகும் பலமுறை சென்றார். இவற்றை விரித்துச் சொல்லும் நூல்கள் பல உள்ளன. நாம் அடுத்த கட்டத்துக்குப் போவோம்.

இரண்டாம் உலகப்போர் தொடங்கிய காலத்தில் அவர் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தார். அமெரிக்காவில் நீண்ட நாள் தங்கினார். 1941இல் அந்நாட்டின் தென்பகுதியில் தொடர்வண்டியில் போனபோது, வெள்ளையருக்கான பெட்டியை விட்டு எழுந்து போகுமாறு சீட்டுப் பரிசோதகர் சொன்னார். பின்னர், இவர் இந்தியாவிலிருந்து வந்தவர் என்று தெரிந்ததும் அவர் சற்றுத் தணிந்தார். அந்தச் சலுகையை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். கமலாதேவியோ தானும் கறுப்பினத்தாரைப் போல நிறமுள்ள பெண்தான், ஆயினும் எழமாட்டேன் என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு அங்கேயே அமர்ந்திருந்தார். விருந்தாளி என்பதால் கிடைக்கும் மரியாதை அவருக்கு வேண்டியிருக்கவில்லை. மனிதர் என்பதால் எல்லாருக்கும் கிடைக்க வேண்டிய மரியாதையைத்தான் கேட்டார். அவர் பின்னாளில் கைவினைஞர்களுக்காக உலக அரங்கில் கேட்டதும் இதையேதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

விடுதலை வந்தது, பிரிவினையும் வந்தது. வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்து பல்லாயிரக்கணக்கான அகதிகள் தில்லிக்கு வந்து கூடாரங்களில் கிடந்தார்கள். சக தலைவர்கள் பலர் அரசுப் பொறுப்புகளுக்குப் போன நேரத்தில் கமலாதேவி கூடாரங்களுக்குப் போனார். 1948இல் இந்தியக் கூட்டுறவு ஒன்றியத்தைத் தொடங்கினார். அகதிகள் தங்கள் கையாலேயே கட்டிய ஃபரிதாபாத் புதுநகரின் பின்னால் அந்த ஒன்றியத்தின் உழைப்பு உண்டு. அகதியின் வீடு போயிருந்தது, நிலம் போயிருந்தது. கையில் கற்றிருந்த தொழில் மட்டும் கூடவே வந்திருந்தது. பூ வேலை தெரிந்த பெண்ணுக்குத் துணியும் நூலும் கொடுத்தால், செய்த பொருளை நியாயமான விலைக்கு விற்றுக் கொடுத்தால், அவளால் தன் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியும். இந்த எளிய உண்மையிலிருந்துதான் கைவினைப் பணி அவருக்கு வாழ்நாள் பணியாயிற்று. தில்லியில் இருந்த குடிசைத்தொழில் விற்பனை நிலையத்தை 1952இல் அவரது ஒன்றியம் ஏற்று நடத்தியது.

அதே 1952ஆம் ஆண்டுதான் (நம் வேலூர் மறைமாவட்டம் உருவானதும் அதே ஆண்டுதான்) இந்திய அரசு அனைத்திந்தியக் கைவினை வாரியத்தை அமைத்து அவரைத் தலைவராக்கியது. ஊர் ஊராகப் போனார். பார்த்தது பெரும்பாலும் அழிவைத்தான். அரண்மனைகளும் ஜமீன்களும் கொடுத்துவந்த ஆதரவு நின்றுபோயிருந்தது. ஆலைத் துணி மலிவாக வந்து குவிந்திருந்தது. ஒரு தொழிலின் நுணுக்கம் தெரிந்தவர் ஊருக்கு ஒருவரோ இருவரோ எஞ்சியிருந்தார்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் கற்கவில்லை. ஆசான் கண்மூடினால் அந்தத் தொழிலும் அவரோடு போய்விடும்.

நமக்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. திருவண்ணாமலை அக்கினித் தலம் என்றால், ஆந்திரத்தின் திருக்காளத்தி காற்றுத் தலம் என்று நம் இந்து சகோதரர்கள் போற்றுவர். அந்தக் காளத்தியில் எழுதுகோல் கொண்டு துணியில் ஓவியம் தீட்டும் கலம்காரி, 1950களில் அணையும் நிலையில் இருந்தது. கமலாதேவியின் முயற்சியால் அங்கே பயிற்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அந்த வேலையின் பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. வெளுக்காத பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்த வேண்டும். அப்போதுதான் சாயம் பரவாமல் நிற்கும். கூராகச் சீவிய மூங்கில் குச்சியில் கம்பளி நூலைச் சுற்றி, அதைச் சாயத்தில் நனைத்து, விரலால் மெல்ல அழுத்தி அழுத்திக் கோடு இழுக்க வேண்டும். கறுப்பு நிறம் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுப்பது. சிவப்பு படிய வேண்டிய இடத்தில் படிகாரம் பூச வேண்டும். பிறகு ஓடும் ஆற்றுநீரில் அலச வேண்டும், மறுபடி வேகவைக்க வேண்டும், மறுபடி அலச வேண்டும். இத்தனையையும் நூலைப் படித்துக் கற்க முடியாது. ஆசானின் பக்கத்தில் அமர்ந்து, கையைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். காளத்தியின் தொழில் பிழைத்தது. பின்னாளில் இயேசுவின் வாழ்க்கைக் காட்சிகளையும் காளத்தி ஓவியர்கள் துணியில் தீட்டியிருக்கிறார்கள்.

உள்நாட்டு ஆதரவு குறைந்த நிலையில் வெளிநாட்டுச் சந்தை ஒரு வழி என்று அரசு கருதியது. டாலர் வரும், தறி ஓடும். ஆனால் அறியாதவர் கைக்குப் பொருள் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் சென்னைக் கட்டத்துணியே சான்று. 1958ஆம் ஆண்டு வாக்கில் இயற்கைச் சாயம் ஏற்றிய அந்தத் துணி அமெரிக்காவில் பெருமளவு விற்றது. குளிர்ந்த நீரில் பக்குவமாக அலச வேண்டிய துணி அது. வாங்கியவர்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. சலவை இயந்திரத்தில் போட்டார்கள். சாயம் கரைந்து மற்ற துணியெல்லாம் கறையாயிற்று. ஒரே கூச்சல். பின்னர் வணிகர்கள் சாமர்த்தியமாக, சாயம் கரைவதே இதன் சிறப்பு என்று விளம்பரம் செய்து அதையும் விற்றுத் தீர்த்தார்கள். வேடிக்கையான கதைதான். ஆனால் அந்தக் கதை முழுவதிலும் நெய்தவர் எங்கே இருக்கிறார்? எங்கும் இல்லை.

நம் திருச்சபையும் இந்தப் பாதையில் முன்பே நடந்திருக்கிறது. 1897ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டிலிருந்து முளகுமூட்டுக்கு வந்த அன்னை மரிய லூயிஸ் தெ மேஸ்டர், அங்கிருந்த அநாதைச் சிறுமிகளைத் தம் பிள்ளைகளாக ஏற்றார். நூலால் பின்னும் பூவேலைப்பாடு அந்த ஊரின் தொழிலாயிற்று. இன்றும் குமரி மாவட்டத்தில் முளகுமூடு என்றால் அந்தப் பின்னல் நினைவுக்கு வரும். எத்தனையோ பெண்களின் வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான். இதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஒன்றையும் சேர்த்துச் சொல்லலாம். அங்கே வடிவம் ஐரோப்பாவுடையது, கை நம்முடையது. கமலாதேவி அடுத்த படியைக் கேட்டார். கையும் நம்முடையதாக, வடிவமும் நம்முடையதாக, செய்தவரின் பெயரும் தெரிந்ததாக அந்தப் பரிமாற்றம் இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

அதற்கு அமெரிக்காவிலேயே துணை கிடைத்தது. அய்லீன் ஆஸ்போர்ன் வெப் என்ற செல்வந்தப் பெண்மணி தம் நாட்டுக் கைவினைஞர்களுக்காக அமைப்புகளை ஏற்படுத்தியவர். அவரோடு பணியாற்றிய மார்கரெட் பேட்ச் பல நாடுகளுக்குப் பயணம் செய்து கைவினைத் துறையினரைச் சந்தித்து வந்தார். 1964ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து கைவினைஞர்களும் கைவினைப் பணியாளர்களும் கூடினார்கள். அங்கே பிறந்ததுதான் உலகக் கைவினை மன்றம். அதைத் தோற்றுவித்தவர்களில் கமலாதேவியும் ஒருவர்.

இதைப் படிக்கும்போது திருத்தூதர் பணிகள் 18ஆம் அதிகாரம் நம் நினைவுக்கு வருகிறது. பவுல் கொரிந்து நகருக்கு வருகிறார். அங்கே அவருக்கு உறவினர் யாரும் இல்லை. அக்கிலா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியரைச் சந்திக்கிறார். அக்கிலா போந்து நாட்டில் பிறந்தவர். பேரரசர் யூதர்களை விரட்டியதால் உரோமையிலிருந்து வெளியேறி வந்தவர்கள் அவர்கள். மூவரும் கூடாரம் செய்யும் தொழிலாளர்கள். ஒரே தொழில் என்ற காரணத்தாலேயே பவுல் அவர்கள் வீட்டில் தங்கி வேலை செய்தார். விவிலியம் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. ஆனால் எவ்வளவு பெரிய செய்தி! வெவ்வேறு நாட்டார் ஒரே தொழிலால் ஒரே வீட்டார் ஆனார்கள். ஜப்பான் குயவரும் மெக்சிகோ குயவரும் நம் ஊர்க் குயவரும் சந்தித்தால் மொழி பெயர்ப்பாளர் வருமுன்பே மண்ணைத் தொட்டுப் பார்த்துப் பேசத் தொடங்கிவிடுவார்கள் அல்லவா?

ஆனால் அந்தக் குயவருக்கு விமானச் சீட்டு எடுத்துக் கொடுப்பது யார்? இது நியாயமான கேள்வி. உலக மாநாடுகளுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் தெரிந்தவர்களும், அமைப்புகளை நடத்துகிறவர்களுமாகவே இருக்கிறார்கள். பெருநகரக் கடைகளில் அழகான அலமாரியில் அதிக விலைக்கு விற்கும் பொருளில் எவ்வளவு பங்கு கிராமத்துக் கைக்குப் போய்ச் சேருகிறது என்று கேட்டால், பதில் எப்போதும் மகிழ்ச்சி தருவதாக இல்லை. கமலாதேவி ஒருவரால் தீர்க்கக்கூடிய சிக்கல் அல்ல இது. இருந்தும், செய்தவரைப் பெயர் சொல்லி அழைத்து மேடையேற்றும் பழக்கத்தை இந்தியாவில் உண்டாக்கியவர்களில் அவர் முதன்மையானவர். ஜப்பான் தன் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகக் கைவினை மேதைகளை நாட்டின் சொத்தாக மதிக்கத் தொடங்கியிருந்தது. இந்தியாவில் 1965 முதல் சிறந்த கைவினைஞர்களுக்குத் தேசிய விருது வழங்கப்படுகிறது.

உலக மன்றம் தோன்றிய அதே 1964இல் அதன் இந்தியக் கிளையாக இந்தியக் கைவினை மன்றம் உருவாயிற்று. அதன் தலைமையிடம் தில்லியிலோ பம்பாயிலோ இல்லை, நம் சென்னையில்தான் உள்ளது. உலக மன்றத்தின் மாநாடுகள் 1974இல் டொராண்டோவிலும் 1978இல் கியோத்தோவிலும் எனப் பல நாடுகளில் நடந்தன. 1966இல் கமலாதேவிக்கு மகசேசே விருது கிடைத்தது. கைவினை வளர்ச்சிக்காக 1977இல் யுனெஸ்கோ அவரைச் சிறப்பித்தது. 1987இல் இந்திய அரசு பத்ம விபூஷண் வழங்கியது. அடுத்த ஆண்டு, 1988 அக்டோபர் 29ஆம் நாள், தம் 85ஆம் வயதில் பம்பாயில் காலமானார்.

அதன் பிறகு நடந்தவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். 2015ஆம் ஆண்டு உலகக் கைவினை மன்றம் நம் மாமல்லபுரத்தைக் கற்சிற்பத்துக்கான உலகக் கைவினை நகரமாக அறிவித்தது. உளியும் சுத்தியலும் ஏந்திய தமிழ்க் கைகளுக்குக் கிடைத்த ஏற்பு அது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2020 ஆகஸ்டு மாதம், கொரோனாவால் சந்தைகள் மூடிக்கிடந்த நேரத்தில், கமலாதேவி தலைமையேற்று வளர்த்த அனைத்திந்தியக் கைவினை வாரியத்தை மத்திய அரசு கலைத்துவிட்டது. வாரியம் வெறும் பெயரளவில்தான் இருந்தது என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் கைவினைஞர் தம் குறையை அரசிடம் நேராகச் சொல்ல இருந்த ஓர் இடம் அதோடு போய்விட்டது என்று இத்துறையில் உழைத்த பலர் வருந்தினார்கள். அந்த வருத்தம் நமக்கு நியாயமாகவே படுகிறது.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. ஆனால் தறிக்குழியில் கால் வைத்து, பாவையும் ஊடையையும் நாள் முழுவதும் கண்ணால் காத்து நெய்கிறவருக்குத் தன் மகனையும் அங்கே உட்கார வைக்க மனம் வருவதில்லை. கல்லூரிக்கு அனுப்புகிறார், சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்கு அனுப்புகிறார். அவரைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. கமலாதேவி தொடங்கிய இந்தியக் கைவினை மன்றம், தொழிலை விட்டுவிடாத கைவினைக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்க உதவி செய்து வருகிறது. படித்த பிள்ளை, வெளிநாட்டிலிருந்து கேட்டு வருபவருக்குத் தானே பதில் எழுதவும், தானே விலை சொல்லவும் முடியும் என்பது அதில் உள்ள நம்பிக்கை. அந்தப் பிள்ளை படிப்பு முடிந்து தறிக்குத் திரும்புமா என்பதை ஆரணியின் பெற்றோர் இன்னும் பொறுத்திருந்துதான் பார்க்கிறார்கள்.